ஒரே விலையாகிப் போன மாங்காய்க் கணக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஜூலை முதல் வாரம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசன் முடியப்போகும் நேரம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மண்டி. மே மாதத்திலிருந்து அங்கே வாங்கிய அத்தனை லோடுகளின் கணக்கும் ஒரே பிற்பகலில் கணினியிலிருந்து காணாமல் போனது. மீட்டுத் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, கடைசியில் எது காப்பாற்றியது என்பதை மண்டிக்காரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் பெயரும் மண்டிப் பெயரும் வேண்டாம் என்றார். நியாயம்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று இரண்டு தவறுகள் நடந்தன. முதல் தவறைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். அதைச் சரிசெய்யப் போன அவசரத்தில் நடந்த இரண்டாவது தவறுதான் கணக்கைத் துடைத்துப் போட்டது. ஆனால் நான் போனபோது மண்டியில் எல்லோரும் முதல் தவறைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மண்டியின் ஏற்பாடு

சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து காய் வருகிறது. பெரும்பங்கு பெங்களூரா, மாங்கூழ் ஆலைக்காரர்கள் அதைத் தோத்தாபுரி என்பார்கள். அதோடு அல்போன்சா, செந்தூரா, பீத்தர், கொஞ்சம் நீலம். வண்டி எடைமேடையில் ஏறும்போது லோடு எடை, காயை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி எடை. இரண்டையும் கழித்தால் நிகர எடை. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் மூன்று நகல் சீட்டு வரும். ஒன்று விவசாயிக்கு, ஒன்று டிரைவருக்கு, ஒன்று ஆபீஸ் கட்டுக்கு.

சீட்டில் விலை இருக்காது. ஆலையோடு பேசி முடித்த பிறகு மாலையில்தான் ரகவாரியாக விலை ஏறும். எடையும் விலையும் சேர்ந்து இருக்கும் ஒரே இடம் ஆபீஸ் கணினியில் ஓடும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். விவசாயிக்குச் சேர வேண்டிய பாக்கி, முன்பணக் கழிவு எல்லாம் அதிலிருந்துதான் கணக்காகும். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, மருந்தடித்து, காவல் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை பணம் பார்க்கிற குடும்பங்களின் கணக்கு அது. அந்தக் கணினியை அலட்சியமாகப் பார்க்கவே முடியாது.

ஒரு சிக்கல் ஏற்கெனவே இருந்தது. ஆலைக்காரர்கள் சில சமயம் முந்தின நாட்களுக்கும் சேர்த்து விலையைத் திருத்துவார்கள். மண்டி மென்பொருளில் பின்தேதியிட்டு விலை மாற்ற வழி கிடையாது. அதனால் ஆபரேட்டர் தம்பி கறுப்புத் திரைக்குப் போய், எல்லா அனுமதியும் உள்ள ரூட் பயனராகவே நுழைந்து, நேரடியாகக் கட்டளை அடித்து மாற்றுவான். இரண்டு சீசனாக அப்படித்தான் நடந்தது. ஒரு முறையும் பிசகவில்லை.

அந்தப் பிற்பகல்

பெங்களூராவுக்கு முந்தின நாளிலிருந்து கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருவதாக ஆலையிலிருந்து போன் வந்தது. மாற வேண்டியது முப்பத்துச் சொச்சம் லோடு. தம்பி வழக்கமான கட்டளையை ஒரு நோட்பேட் கோப்பில் வைத்திருந்தான். முதல் வரியில் 'இந்த விலையைப் போடு'. இரண்டாவது வரியில் 'இந்தத் தேதியிலிருந்து, இந்த ரகத்துக்கு மட்டும்' என்ற நிபந்தனை. சீசன் தொடக்கத்தில் எதற்காகவோ அந்த முதல் வரியை மட்டும் தனியாக ஓட்டியிருக்கிறான். அப்போது வரிக் கடைசியில் வைத்த அரைப்புள்ளி அப்படியே கோப்பில் தங்கிவிட்டது.

மைஎஸ்க்யூஎல்லில் அரைப்புள்ளி வந்தால் கட்டளை முடிந்தது என்று பொருள். இரண்டு வரியையும் சேர்த்து ஒட்டியதும் முதல் வரி நிபந்தனை இல்லாமலே ஓடிவிட்டது. நான்காயிரத்தை நெருங்கும் லோடுகள், மே மாதத்து அல்போன்சா முதல் அன்று காலை வந்த பீத்தர் வரை, எல்லாம் ஒரே விலைக்கு மாறின. அடுத்த நொடியில் நிபந்தனை வரி தனியாகப் போய்ச் சேர்ந்தது. தலையில்லாத அந்த வரியைப் புரிந்துகொள்ள முடியாமல் சர்வர் 1064 என்ற எண்ணோடு பிழைச் செய்தி காட்டியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். திரையின் கடைசியில் நின்றது அந்தப் பிழைச் செய்திதான். 'சரி, கட்டளை ஓடவில்லை' என்று அவன் நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மேலே, இத்தனை வரிகள் மாறின என்ற சேதி அமைதியாக உட்கார்ந்திருந்தது. அவன் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினான். இந்த முறை பிழை இல்லை. ஆனால் முப்பத்துச் சொச்சம் வரிகள் பொருந்தின, மாறியவை பூஜ்யம் என்று பதில் வந்தது. ஏற்கெனவே புது விலைக்கு மாறிவிட்ட வரிகளில் இனி மாற என்ன இருக்கிறது? அந்தப் பூஜ்யம் அவனுக்கு உறுத்தியது. மே மாதக் கணக்கு ஒன்றைத் திறந்து பார்த்தான். அல்போன்சாவுக்குப் பெங்களூரா விலை நின்றது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பூஜ்யத்தைக் கவனித்து நின்று பார்த்ததே பெரிய விஷயம். பலர் பிழை வரவில்லை என்றதும் மூடிவிட்டுப் போயிருப்பார்கள். வெள்ளிக்கிழமை பணம் போட்ட பிறகுதான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது தவறு

இந்த நிமிஷத்தில் எதுவும் தொலைந்துபோகவில்லை. மைஎஸ்க்யூஎல் 8.0 தான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லாக் என்ற கோப்பில் எழுதிக்கொண்டே போகும். தனியாக அமைக்க வேண்டியதில்லை, இயல்பாகவே ஓடும். அதுவும் ஒவ்வொரு வரிக்கும் மாறுவதற்கு முன் இருந்த மதிப்பு, மாறிய பின் உள்ள மதிப்பு இரண்டையும் எழுதும். ஆக, பழைய விலைகள் அத்தனையும் அதே கணினியில் பத்திரமாக இருந்தன. அதற்கென்று உள்ள கருவியால் படித்து எடுத்து, பழைய மதிப்பைத் திரும்பப் போட்டிருந்தால் முடிந்தது.

தம்பிக்கு அது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, இரவு தோறும் பென்டிரைவில் பேக்கப் எடுக்கிறது என்பது மட்டும். வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. முதலாளி வருவதற்குள் நேற்றிரவு நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, இன்றைய லோடுகளைச் சீட்டைப் பார்த்து ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தான். கேட்பதற்கு ஒழுங்கான திட்டம்தான். பேக்கப் கோப்பை ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் மேலேயே ஏற்றினான்.

அந்தக் கோப்பில் இரண்டு விஷயங்கள் ஒளிந்திருந்தன. ஒன்று, மைஎஸ்க்யூஎல்டம்ப் (சுருக்கமாக டம்ப்) என்ற கருவி எடுக்கும் பேக்கப்பில் ஒவ்வொரு அட்டவணைக்கும் முன்னால் 'இந்தப் பெயரில் ஏற்கெனவே அட்டவணை இருந்தால் தூக்கிவிடு' என்ற கட்டளை இயல்பாகவே இருக்கும். பேக்கப்பை ஏற்றுவது என்றால் முதல் வேலையாக இருப்பதை அழிப்பது. இரண்டு, கோப்பு பாதியில் அறுந்திருந்தது.

ஏன் அறுந்தது? யாரோ அதே பென்டிரைவில் சிசிடிவி பதிவுகளை நகலெடுத்து இடத்தை நிரப்பிவிட்டார்கள். இரவு ஓடும் கட்டளை எல்லா நாளும் ஒரே பெயரில்தான் கோப்பை எழுதியது. அப்படி எழுதும்போது லினக்ஸ் முதலில் பழைய கோப்பைக் காலி செய்யும், அப்புறம்தான் புதியதை எழுதத் தொடங்கும். கணக்கு தினமும் வளர்கிறது, பென்டிரைவில் மிச்சம் இருந்ததோ பழைய கோப்பின் அளவுக்கான இடம் மட்டும். எழுதிக்கொண்டே போய் இடம் தீர்ந்ததும் நின்றது. இடமில்லை என்று 28 என்ற பிழை எண்ணோடு ஒவ்வொரு இரவும் செய்தி வந்திருக்கிறது. அது போய்ச் சேர்ந்த இடம், யாரும் திறக்காத ஒரு உள் அஞ்சல் பெட்டி.

எடைகள் இருந்த அட்டவணை ஆங்கில அகர வரிசையில் கடைசி. அதனால் அறுந்தது சரியாக அதன் நடுவில். அட்டவணையைத் தூக்கு, புதிதாக உருவாக்கு என்ற இரண்டு கட்டளைகளும் முழுசாக இருந்தன. வரிகளை நிரப்பும் கட்டளை மட்டும் பாதியில் நின்றது. இந்த அளவு சிறிய அட்டவணையின் எல்லா வரிகளையும் டம்ப் ஒரே நீளமான கட்டளையாகத்தான் எழுதும். அது அறுந்தால் பாதி வரிகள்கூட வராது. ஒன்றும் வராது.

பேக்கப் ஏறிய பிறகும் அவனுக்கு உடனே தெரியவில்லை. எடைத் திரையில் அன்றைய லோடுகள் மட்டும்தான் தெரியும். அது காலியாக இருக்கும் என்று அவனே எதிர்பார்த்திருந்தான். எடை போடுவது தொடர்ந்தது. சாயங்காலம் ஒரு விவசாயியின் கணக்கைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மே, ஜூன் எதுவும் இல்லை.

"அண்ணா, கணக்கே இல்லைங்க" என்றுதான் எனக்குப் போன் வந்தது.

மீட்டது

போனில் நான் சொன்னது ஒன்றே ஒன்று. எடையைக் கையால் நோட்டில் எழுதுங்கள், கணினியில் இனி ஒரு கட்டளையும் அடிக்காதீர்கள். முதலாளி பென்டிரைவை இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கலாமே என்றார். "வெள்ளிக்கிழமை பணம் போடணும் தம்பி, ஜனங்களுக்கு என்ன பதில் சொல்றது?" அந்தக் கேள்வியில் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மைஎஸ்க்யூஎல் சேவையை நிறுத்தி, அதன் டேட்டா அடைவு (ஃபோல்டர்) முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தோம். அதற்கப்புறம் எல்லா வேலையும் வேறொரு கணினியில், நகலின் மேல் மட்டுமே. மூலத்தைத் தொடாமல் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்.

பைனரி லாக் கோப்புகள் இருந்தன. ஆனால் இயல்பு அமைப்பில் அவை 2592000 வினாடிகள், அதாவது 30 நாள், வைத்திருந்துவிட்டுக் கழிக்கப்படும். மே மாதம் போய்விட்டது. லாக்கை மட்டும் வைத்துக் கட்டமுடியாது. எங்கிருந்தாவது ஒரு முழு நகல் வேண்டும்.

அதை நினைவுக்குக் கொண்டுவந்தவர் மண்டியில் கணக்குப் பார்க்கும் அக்கா. ஜூன் 15 அட்வான்ஸ் டாக்ஸ் தவணைக்காக, அதற்கு இரண்டு நாள் முன்பு முழு டேட்டாபேஸையும் இறக்கி ஆடிட்டர் ஆபீஸுக்கு மெயில் அனுப்பியிருந்தார்கள். வாங்கிப் பார்த்தோம். டம்ப் முழுசாக முடிந்தால் கோப்பின் கடைசி வரியில் முடிந்த தேதியும் நேரமும் இருக்கும். இருந்தது. அன்றிரவு கடைசி வண்டி போன பிறகு எடுத்த நகல், அதனால் எந்த லோடும் நடுவில் மாட்டவில்லை.

அங்கிருந்து வேலை நேர்கோடு. ஆடிட்டர் நகலை ஏற்றினோம். அது முடிந்த நேரத்திலிருந்து லாக்கில் உள்ள மாற்றங்களை வரிசையாக ஓட்டி, நிபந்தனையில்லாத அந்தக் கட்டளைக்கு முந்தின இடத்தில் நிறுத்தினோம். அதை மட்டும் தாண்டிக்குதித்து, பேக்கப் ஏற்றத்தில் அட்டவணையைத் தூக்கிய கட்டளைக்கு முன்பு வரை மறுபடி ஓட்டினோம். சீசன் திரும்பி வந்தது. பழைய 5.7 பதிப்பாக இருந்திருந்தால், அல்லது பல லினக்ஸ்களில் அதற்குப் பதிலாக வரும் மரியாடிபியாக இருந்திருந்தால், இந்த லாக் தானாக ஓடியிருக்காது. யாராவது முன்கூட்டியே போட்டுவிட்டிருக்க வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சீட்டோடு வந்தார். "என் சீட்டு நம்பருக்கு வேற யாரோ பேரு வருதுங்களே, அப்ப என் காய் எங்க போச்சு?"

அவர் சொன்னது சரி. பேக்கப் கோப்பில் அட்டவணையை உருவாக்கும் கட்டளையோடு, அடுத்த சீட்டு எண் எது என்பதும் பதிவாகியிருக்கும். அது முந்தின இரவு எண். அதனால் காலியான அட்டவணையில் சாயங்காலம் ஏறிய லோடுகளுக்கு, அன்று காலை வந்த லோடுகளின் எண்களே மறுபடி கிடைத்தன. ஒரே எண்ணில் இரண்டு வண்டி, இரண்டு விவசாயி, இருவர் கையிலும் அச்சடித்த சீட்டு. கணினியை மட்டும் பார்த்தால் யார் முதல், யார் இரண்டாவது என்று தெரியாது. சீட்டில் எடை போட்ட நேரம் அச்சாகியிருந்ததால் பிழைத்தோம். அக்கா ஆபீஸ் கட்டைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாக நேரம், வண்டி எண், நிகர எடை வாசிக்க, தம்பி திரையில் ஒத்துப் பார்த்தான். சாயங்கால லோடுகளுக்கு எண்ணோடு ஒரு எழுத்தைச் சேர்த்து, அந்த விவசாயிகள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொன்னோம். மீட்பு வேலையில் அதிக நேரம் பிடித்தது இதுதான். டேட்டாவை மீட்பதைவிட, இரண்டு உண்மைகளில் எது யாருடையது என்று பிரிப்பது கடினம்.

இதே கதை பெரிய இடத்திலும்

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் நகல் சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு மூல சர்வரின் டேட்டாபேஸ் அடைவை அழித்தார். ஓரிரு வினாடியில் சுதாரித்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் 9.6 பதிப்பு ஓடிய இடத்தில் பேக்கப் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றது என்று போன மெயில்களையும் பெறும் பக்கம் ஏற்கவில்லை, கையொப்பச் சரிபார்ப்பில் தள்ளிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது, அன்று வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்.

யாரும் படிக்காத பிழைச் செய்தி, ஒரு முறைகூட ஏற்றிப் பார்க்காத பேக்கப், வேறு காரணத்துக்காக எடுத்த நகல் தற்செயலாகக் கைகொடுத்தது. காவேரிப்பட்டணத்து மண்டியில் நடந்ததும் இதுவேதான். அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் மீட்கும்போதே வெளியிட்டது, அழித்தவரின் பெயரைச் சொல்லவில்லை. இதை மண்டி முதலாளியிடம் விவரமாகச் சொன்னேன். தம்பியை வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் இந்தத் தவறை உள்ளும் புறமும் அறிந்த ஒரே ஆள் அவன்தான், அவனை அனுப்பிவிட்டு ஒன்றும் அறியாத இன்னொருவரை உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை என்றேன். தம்பி நடந்ததை ஒரு வரி மறைக்காமல் வரிசையாகச் சொன்னதால்தான் லாக்கில் சரியான இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தோம். திட்டு விழும் என்று பயந்து பேக்கப் ஏற்றியதை மறைத்திருந்தால், ஒரே எண் இரண்டு சீட்டில் வந்த காரணமே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

மாற்றியவை

தம்பிக்கு ரூட் நுழைவு இல்லை. புதுப் பயனர் கணக்கில், எடைப் பதிவுகளைச் சேர்க்கலாம், படிக்கலாம், திருத்த முடியாது. விலைத் திருத்தம் இப்போது தனி அட்டவணை: எந்தத் தேதியிலிருந்து, எந்த ரகத்துக்கு, எவ்வளவு கூடுதல், யார் சொன்னது. பழைய விலையின் மேல் எழுதுவதே கிடையாது. அக்காவின் பேரேட்டில் தப்பான தொகையை அழித்து எழுதமாட்டார்கள், கீழே திருத்தப் பதிவு போடுவார்கள். மென்பொருளை அந்த முறைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இருக்கிற மாற்றங்களில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான்.

நேரடியாகக் கட்டளை அடிக்க வேண்டிய சில வேலைகள் இன்னும் உண்டு. அதற்கு, கட்டளை அடிக்கும் திரையான மைஎஸ்க்யூஎல் கிளையன்டில் சேஃப் அப்டேட்ஸ் அமைப்பைப் போட்டுவிட்டோம். சாவிப் பத்தியில் (சீட்டு எண் போல வரியை அடையாளம் காட்டும் பத்தி) நிபந்தனையோ வரம்போ இல்லாத திருத்தத்தையும் அழிப்பையும் சர்வர் மறுத்துவிடும். ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அந்த அமைப்பில் தேடல் முடிவும் 1000 வரிகளோடு நின்றுவிடும். தெரியாதவர் மீதிக் கணக்கு தொலைந்தது என்று மறுபடி பதறிப்போவார். அதையும் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எந்தத் திருத்தத்துக்கும் முன் டிரான்சாக்ஷன் (உறுதிசெய்யும் வரை திரும்பப் பெறக்கூடிய மாற்றம்) தொடங்கி, எத்தனை வரி மாறியது என்று பார்த்து, எதிர்பார்த்த எண் வந்தால் மட்டும் கமிட், அதாவது உறுதி. இல்லையென்றால் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்கே திரும்புவது. இதற்கு எல்லை உண்டு. அட்டவணையைத் தூக்குவதும் காலி செய்வதும் மைஎஸ்க்யூஎல்லில் உடனே உறுதியாகிவிடும், ரோல்பேக் அதைத் தொடாது. திறந்து வைத்த டிரான்சாக்ஷனை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. பூட்டிய வரியைத் தொட வரும் மற்ற வேலை 50 வினாடி காத்திருந்துவிட்டுப் பிழையோடு திரும்பிவிடும்.

பேக்கப் இப்போது தேதி போட்ட பெயரில், முதலில் தற்காலிகக் கோப்பாக எழுதப்படுகிறது. கடைசி வரியில் முடிந்த குறிப்பு இருந்தால்தான் உண்மையான பெயர் கிடைக்கும். இல்லையென்றால் முதலாளியின் போனுக்குச் செய்தி. லாக் வைத்திருக்கும் காலத்தைச் சீசன் முழுதும் தாங்கும் அளவுக்கு நீட்டியாகிவிட்டது. மாதம் ஒரு முறை தம்பி ஒரு பழைய லேப்டாப்பில் பேக்கப்பை ஏற்றி, ஏதாவது ஒரு நாளின் நிகர எடைக் கூட்டலை அக்காவின் சீட்டுக் கட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்து வாங்குகிறான்.

முடியாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லா நகலும் அதே கட்டடத்தில்தான். தீயோ திருட்டோ வந்தால் ஆடிட்டர் ஆபீஸ் மெயில் ஒன்றுதான் வெளியே இருக்கும். வாரம் ஒரு நகல் கிருஷ்ணகிரியில் உள்ள முதலாளி வீட்டுக்குப் போக வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அடுத்த மே மாதம் முதல் லோடு வருவதற்குள் அதைச் செய்து முடிக்க வேண்டும்.